மகன் கோச் ஆகணும் என்கிறான்: டெக்சாஸ் அப்பா ஒருவருக்கு பதில்

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் குடியேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகன் இங்கேயே பிறந்தவன். ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பள்ளி அணியில் பாஸ்கெட்பால் ஆடினான். கல்லூரி அணியில் இடம் கிடைக்கும் அளவுக்கு ஆட்டம் இல்லை. ஆனால் போன வருஷம் அந்த அணியில் ஸ்டூடன்ட் மேனேஜராகச் சேர்ந்துவிட்டான். இப்போது, 'சாஃப்ட்வேர் வேலை வேண்டாம், ஒருநாள் காலேஜ் டீமுக்கு ஹெட் கோச் ஆவேன்' என்கிறான். பெரிதாக ஆடாதவன் கோச் ஆக முடியுமா? அதற்கு என்ன படிக்க வேண்டும்? எத்தனை வருஷம் ஆகும்? நம்மவர்கள் யாராவது அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்களா? தடுக்கவும் மனம் வரவில்லை, விடவும் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில், அணி வீரர்களின் படிப்பைக் கவனிக்கும் ஆலோசகராக இருக்கிறேன். கோச்சுகளோடு தினமும் பேசுகிற வேலை. தம்பி மாதிரி மேனேஜர் பிள்ளைகளையும் நிறையப் பார்க்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தை ரொம்ப அக்கறையோடு படித்தேன். இது பைத்தியக்கார ஆசை இல்லை. அதே சமயம், 'பிடித்ததைச் செய்யட்டும்' என்று கண்ணை மூடிக்கொண்டு விடுகிற விஷயமும் இல்லை.

ஆடாதவன் கோச் ஆக முடியுமா என்பதற்கு டஸ்டி மே என்பவரைச் சொன்னால் போதும். இந்தியானா பல்கலைக்கழகத்தில் அவர் அணி வீரர் அல்ல. அங்கே ஹெட் கோச்சாக இருந்த பாப் நைட்டிடம் ஸ்டூடன்ட் மேனேஜராக இருந்தவர். 2000-இல் பட்டம் வாங்கினார். அப்புறம் தெற்கு கலிபோர்னியாவில் வீடியோ வேலை, மறுபடி இந்தியானா, ஈஸ்டர்ன் மிஷிகன், மர்ரே ஸ்டேட், அலபாமாவின் பர்மிங்ஹாம், லூசியானா டெக், ஃபுளோரிடா என்று ஊர் ஊராகப் போனார். 2018-இல்தான் ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தில் ஹெட் கோச் ஆனார். பட்டத்துக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் பதினெட்டு வருஷம். 2023-இல் யாரும் எதிர்பார்க்காத அந்த அணியை, தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர் வரை கொண்டுபோனார். அரையிறுதியில் சான் டியாகோ ஸ்டேட்டிடம் 72-71 என்று கடைசி நொடி ஷாட்டில் தோற்றார்கள். அடுத்த வருஷம் மிஷிகன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

ஆக, தம்பி நிற்கிற இடம் தப்பான இடம் இல்லை. அவன் செய்கிற வேலை என்னவென்று வீட்டில் உங்களிடம் சொல்லியிருக்கிறானோ தெரியாது. பந்து பொறுக்கிப் போடுவது, துண்டு மடிப்பது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது என்றுதான் வெளியே தெரியும். அதற்கு மேலே ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை மேட்ச் என்றால் எதிரணியின் முந்தைய ஐந்தாறு ஆட்டங்களை எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, வகை பிரித்து வைப்பார்கள். கூடைக்குக் கீழிருந்து பந்தை உள்ளே போடும்போது அவர்கள் என்ன ஓடுகிறார்கள், ஸ்கிரீன் வைத்தால், அதாவது ஒரு வீரன் காவல்காரனை வழிமறித்து நின்றால், காவலை எப்படி மாற்றுகிறார்கள், ஆட்டம் நெருக்கடியில் இருக்கும்போது பந்து யார் கைக்குப் போகிறது என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பு. ஒரு வீரன் வலது பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு போனால் கூடை வரை போவான், இடது பக்கம் போனால் நடுவில் நின்று ஷாட் எடுப்பான் என்பது மாதிரி விஷயம் அதில்தான் பிடிபடும். அசிஸ்டென்ட் கோச் காலையில் வந்து பார்க்கும்போது அது தயாராக இருக்க வேண்டும். இதை இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து பிழையில்லாமல் செய்கிற பையனை எல்லாருமே கவனிப்பார்கள். இந்தத் தொழிலில் முதல் சிபாரிசு அங்கேதான் கிடைக்கிறது.

என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் பாட்டியாலா போய் என்.ஐ.எஸ். டிப்ளமோ வாங்கினால் கோச் என்று ஒரு வழி உண்டு. அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலில் அப்படி ஒரு பரீட்சையோ லைசென்ஸோ கிடையாது. வெளியே போய் வீரர்களைத் தேர்ந்தெடுக்க விதிமுறைத் தேர்வு ஒன்று எழுத வேண்டும், அவ்வளவுதான். இளநிலைப் பட்டம் கட்டாயம் மாதிரி. முதுநிலைப் பட்டம் இருந்தால் சின்னக் கல்லூரிகளில் உதவும். அந்த முதுநிலையையும் கைக்காசு போட்டுப் படிக்க வேண்டாம். கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்று ஒரு இடம் உண்டு. அணிக்கு வேலை செய்தால் பல்கலைக்கழகமே படிப்புக் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டு, கையில் கொஞ்சம் உதவித்தொகையும் தரும். வழக்கமாக இரண்டு வருஷம். அதற்குப் பிறகு வீடியோ கோஆர்டினேட்டர், அணியின் பயணம், வரவுசெலவு, அட்டவணையைப் பார்க்கிற டைரக்டர் ஆஃப் ஆபரேஷன்ஸ், அசிஸ்டென்ட் கோச் என்று போகும். 2023-இலிருந்து முதல் டிவிஷன் அணிகள் (கல்லூரி விளையாட்டின் மூன்று அடுக்கில் மேல் அடுக்கு) ஐந்து அசிஸ்டென்ட்கள் வரை வைத்துக்கொள்ளலாம். முன்பு மூன்றுதான். இளைஞர்களுக்கு இது நல்ல காலம்.

படிக்கட்டு மாதிரி எழுதிவிட்டேனே தவிர, யாரும் ஒழுங்காகப் படி ஏறிப் போவதில்லை. இதைத்தான் உங்களுக்குக் குறிப்பாகச் சொல்ல நினைக்கிறேன். ஐ.டி. கம்பெனியில் அனுபவம், சர்டிஃபிகேட், இன்டர்வியூ என்று ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே ஒரு ஆளுக்கு வேலை கிடைப்பது, அவன் வேலை செய்ததை நேரில் பார்த்த இன்னொரு ஆள் மேலே போகும்போது. அதனால் எந்தக் கல்லூரி என்பதைவிட யாரிடம் வேலை செய்கிறோம் என்பதுதான் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

பிராட் ஸ்டீவன்ஸ் கதையைப் பாருங்கள். தம்பிக்கும் இவரைத் தெரிந்திருக்கும். டிப்போ என்ற மூன்றாம் டிவிஷன் கல்லூரியில் ஆடினார். 1999-இல் படிப்பு முடித்து இண்டியானாபொலிஸில் ஈலை லில்லி மருந்து கம்பெனியில் நல்ல வேலையில் சேர்ந்தார். அடுத்த வருஷமே அதை விட்டுவிட்டு, அதே ஊரில் பட்லர் பல்கலைக்கழக அணிக்குச் சம்பளமில்லாத ஆளாகப் போனார். அப்போது அங்கே ஹெட் கோச் தாட் மட்டா. 2001-இல் மட்டா சேவியர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவர் இடத்துக்கு அசிஸ்டென்ட்டாக இருந்த டாட் லிக்லைட்டர் வந்தார். ஸ்டீவன்ஸ் முழுநேர அசிஸ்டென்ட் ஆனார். 2007-இல் லிக்லைட்டர் அயோவாவுக்குப் போக, அந்த நாற்காலி 30 வயது ஸ்டீவன்ஸுக்கு வந்தது. முதல் சீசனிலேயே 30 வெற்றி. 2010, 2011 என்று அடுத்தடுத்து இரண்டு முறை தேசிய இறுதிப்போட்டி. 2013-இல் தொழில்முறை அணியான பாஸ்டன் செல்டிக்ஸ் அவரைக் கூட்டிக்கொண்டது.

இந்தக் கதையை எல்லாரும் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். துணிச்சல் இருந்தது உண்மை. ஆனால் அவர் ஏழு வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தார், மேலே இருந்த இருவரும் ஜெயித்துக்கொண்டே வேறு இடம் போனார்கள், கல்லூரியும் உள்ளே இருக்கிற ஆளையே உயர்த்துகிற கல்லூரி. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் பெயர் நமக்குத் தெரியாமல் போயிருக்கலாம். மிஷிகன் ஸ்டேட்டின் டாம் இஸோவும் இதே வகைதான். ஒரு வருஷம் பள்ளிக்கூட கோச், அப்புறம் தான் படித்த நார்தர்ன் மிஷிகனில் அசிஸ்டென்ட், 1983-இல் மிஷிகன் ஸ்டேட்டில் பகுதிநேர அசிஸ்டென்ட். அங்கே ஹெட் கோச்சாக இருந்த ஜட் ஹீத்கோட்டிடம் பன்னிரண்டு வருஷம். 1995-இல் ஹீத்கோட் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு இஸோதான் வர வேண்டும் என்று நின்றார். 2000-இல் தேசிய சாம்பியன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஹெட் கோச்சை நீக்கினால் அவரோடு சேர்ந்த எல்லாருக்கும் வேலை போகும். அசிஸ்டென்ட்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷ ஒப்பந்தம்தான். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் கட்டடத்தில் நடப்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். காலையில் செய்தி வரும். சாயங்காலத்துக்குள் கதவில் இருந்த பெயர்ப் பலகைகளைக் கழற்றுவார்கள். இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த அசிஸ்டென்ட் ஒருவர் கார் பார்க்கிங்கில் நின்று போனில் பேசிக்கொண்டிருப்பார், அடுத்த ஊர் எது என்று தெரியாமல். புதிதாக வருகிறவர் தன் ஆட்களோடு வருவார். பழைய ஆட்களில் யாரையாவது வைத்துக்கொண்டால் அது அவருடைய தயவு.

ஷாகா ஸ்மார்ட் முப்பதுகளின் தொடக்கத்திலேயே ஹெட் கோச் ஆனார் என்று பேப்பரில் படித்தால் எளிதாகத் தெரியும். கென்யன் கல்லூரியில் வரலாறு படித்து நல்ல மதிப்பெண்ணோடு வந்தவர், ஆராய்ச்சிப் படிப்புக்கான வாய்ப்புகளை விட்டுவிட்டு கோச்சிங்குக்கு வந்தவர். 2009-இல் வர்ஜீனியா காமன்வெல்த் அவரை எடுப்பதற்கு முன் பத்து வருஷத்தில் கலிபோர்னியா யுனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியா, டேட்டன், ஆக்ரன், கிளெம்சன், ஃபுளோரிடா என்று ஐந்து இடம் மாறினார். வேகமாகப் போனவருக்கே இப்படி. தம்பிக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகும், வருகிற பெண்ணுக்கும் ஒரு வேலை இருக்கும். இந்த அலைச்சலை அவள் முன்கூட்டியே தெரிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பார்த்தவரை, திறமை இல்லாமல் இந்தத் தொழிலை விட்டவர்களைவிட, வீட்டுச் சூழல் தாங்காமல் விட்டவர்கள் அதிகம்.

எத்தனை வருஷம் ஆகும்? பத்திலிருந்து இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக அமைந்தால்தான் அதுவும். முதல் டிவிஷனில் ஆண்கள் அணிகள் 360-க்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு வசந்தத்திலும் சுமார் ஐம்பது அறுபது இடம் காலியாகும். அதில் கணிசமான பங்கு ஏற்கெனவே வேறு எங்கேயோ ஹெட் கோச்சாக இருப்பவர்களுக்குப் போய்விடும். மிச்சத்துக்குத்தான் நாடு முழுக்க உள்ள அசிஸ்டென்ட்கள் போட்டி போடுகிறார்கள்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். உச்சியில் கோடிகள் புரள்கின்றன. டேன் ஹர்லி 2023, 2024 என்று கனெடிகட் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார். அதன்பின் அவர் போட்ட ஒப்பந்தம் ஆறு வருஷத்துக்கு 5 கோடி டாலர். அதே ஹர்லி 2001-இலிருந்து 2010 வரை நியூவர்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கோச்சாக இருந்தவர். அப்புறம் வாக்னர் என்ற சின்னக் கல்லூரி, அப்புறம் ரோட் ஐலண்ட், அதற்குப் பிறகுதான் கனெடிகட். கீழே இருக்கிற வருஷங்களில் சம்பளம் தம்பியின் வகுப்புத் தோழர்கள் சாஃப்ட்வேரில் வாங்குவதில் பாதிகூட இருக்காது. நல்லது கெட்டது வீட்டில் நடக்கும்போது அந்த வித்தியாசம் உறுத்தும். முப்பது வயது வரை நீங்கள் கொஞ்சம் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். முடியுமா என்பதை இப்போதே மனைவியோடு உட்கார்ந்து பேசி, தம்பியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ஹெட் கோச் வேலை என்பது அசிஸ்டென்ட் வேலையின் பெரிய வடிவம் இல்லை, வேறு வேலை. அசிஸ்டென்ட்டாக இருக்கும்போது வீடியோ, பயிற்சி, வீரர்களைத் தேடிப்போவது என்று பாஸ்கெட்பாலே முழு வாழ்க்கை. ஹெட் கோச் ஆனதும் நன்கொடையாளர் விருந்து, வானொலிப் பேட்டி, பெற்றோர்களின் கோபம், வக்கீல்கள் என்று நாள் போய்விடும். என் பக்கத்து விஷயத்தையே சொல்கிறேன். வீரர்கள் படிப்பில் தேறி, கல்லூரியில் தொடர்ந்து இருக்கிறார்களா என்பதற்கு, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கிற என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது. ஆயிரத்துக்கு 930-க்குக் கீழே அணி இறங்கினால் சீசன் முடிவுப் போட்டிகளில் ஆட முடியாமல் போகலாம். 2011-இல் சாம்பியனான கனெடிகட்டே இதனால் 2013 தேசியப் போட்டியில் சேர முடியவில்லை. ஒரு பையன் இயற்பியல் வகுப்புக்குப் போகாவிட்டால் நான் முதலில் கூப்பிடுவது ஹெட் கோச்சைத்தான்.

விதிகளும் மாறிவிட்டன. 2018-இல், வேறு கல்லூரிக்கு மாற நினைக்கிற வீரர்கள் பெயர் பதிகிற டிரான்ஸ்பர் போர்ட்டல் வந்தது. 2021-இலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே வருமானத்தில் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். முதல் வருஷத்துக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். வருஷா வருஷம் பாதி அணி மாறுகிறது. மைக் ஷஷெவ்ஸ்கி டியூக் பல்கலைக்கழகத்துக்கு ஹெட் கோச்சாக வந்த முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி. கல்லூரி அவரை விடவில்லை. பின்னால் ஐந்து சாம்பியன் பட்டம் வந்தது. இன்றைக்கு ஒரு இளம் கோச்சுக்கு அந்தப் பொறுமை கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. அது எனக்கு வருத்தமான விஷயம்தான்.

ஆனால் இதே மாற்றம்தான் தம்பியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மதிப்பைக் கூட்டியிருக்கிறது. போர்ட்டலில் ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கான வீரர்கள் பெயர் கொடுக்கிறார்கள். அதில் நமக்கு யார் ஒத்துவருவார்கள், எவ்வளவு தரலாம் என்று கணக்குப் போட ஆள் வேண்டும். பெரிய அணிகள் இதற்கென்றே ஜெனரல் மேனேஜர் என்று தனியாக ஆள் வைக்க ஆரம்பித்துவிட்டன. அதனால் எக்காரணம் கொண்டும் படிப்பை ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டுக்கு மாற்ற விடாதீர்கள். கோடிங் தெரிந்த, ஆட்டமும் புரிந்த பையனை அணிகள் தேடுகின்றன. கோச்சிங் ஒத்துவரவில்லை என்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

நம்மவர்கள் யாராவது என்று கேட்டீர்கள். அமெரிக்க முதல் டிவிஷனில் உங்களுக்குக் காட்ட என்னிடம் தமிழ்ப் பெயர் இல்லை. பக்கத்து நாடான கனடாவில் ராய் ராணாவைச் சொல்லலாம், இந்திய வம்சாவளி. டொரன்டோவில் பள்ளி கோச்சாகத் தொடங்கி, ரயர்சன் பல்கலைக்கழகத்துக்கு 2009-இலிருந்து பத்து வருஷம் ஹெட் கோச். 2017-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை கனடாவுக்கு வாங்கித் தந்தவர். 2019-இல் தொழில்முறை அணியான சாக்ரமென்டோ கிங்ஸ் அவரை அசிஸ்டென்ட்டாக எடுத்தது. குடியேறிய குடும்பம் என்பது தடையில்லை என்பதற்கு ஜீனோ ஆரியெம்மாவும் சாட்சி. இத்தாலியில் பிறந்து ஏழு வயதில் பென்சில்வேனியா வந்தவர். 1985-இலிருந்து கனெடிகட் பெண்கள் அணியின் கோச், 12 தேசிய பட்டங்கள்.

ஆரியெம்மாவைச் சொன்னதும் இதையும் சொல்லத் தோன்றுகிறது: தம்பியைப் பெண்கள் அணி வேலைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பல பையன்கள் அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. அங்கேயும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் அணிகள் உண்டு, கற்றுக்கொள்ளப் பெரிய ஆட்கள் உண்டு. பேட் சம்மிட் 1974-இல் 22 வயதில் டென்னசியில் ஹெட் கோச் ஆனபோது மாதம் 250 டாலர் சம்பளம். அணியின் வேனை அவரே ஓட்டினார், சீருடைகளை அவரே துவைத்தார். 2012-இல் விலகும்போது 1,098 வெற்றிகள், எட்டு சாம்பியன் பட்டங்கள். அதேபோல மூன்றாம் டிவிஷனைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. ஆனால் இருபது வருஷம் ஒரே ஊரில் இருந்து, பிள்ளைகளை வளர்த்து, மனநிறைவோடு வேலை செய்கிற ஹெட் கோச்சுகளை எனக்குத் தெரியும். தம்பி 'ஹெட் கோச்' என்று சொல்லும்போது மனதில் இருப்பது தொலைக்காட்சியில் வருகிற பதினைந்து இருபது பேரா, இல்லை இந்த வாழ்க்கையும் அதில் அடக்கமா என்று கேளுங்கள். இந்த வாழ்க்கையும் சரி என்று அவன் சொன்னால் எனக்குப் பயம் பாதி குறையும்.

சரி, இப்போது என்ன செய்வது? இன்னும் இரண்டு வருஷம் மேனேஜராகவே இருக்கட்டும். சம்பளம் பார்க்க வேண்டாம். வீடியோ வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யட்டும். கோடையில் கல்லூரியில் நடக்கிற பள்ளிப் பிள்ளைகளுக்கான கேம்ப்களில் போய்ச் சொல்லிக்கொடுக்கட்டும். பத்து வயதுப் பையனுக்கு லேஅப் சொல்லித்தரப் பொறுமை இல்லாதவனுக்கு இந்தத் தொழில் வேண்டாம். சின்ன பள்ளி அணி ஒன்றுக்கு ஒரு சீசன் உதவி செய்தால் இன்னும் நல்லது. தன் குரலுக்குப் பிள்ளைகள் திரும்புகிறார்களா என்பது அங்கேதான் தெரியும்.

மூன்றாம் ஆண்டு முடியும்போது அவனே போய் அந்த அணியின் அசிஸ்டென்ட்களில் ஒருவரிடம் நேராகக் கேட்க வேண்டும்: 'எனக்கு கிராஜுவேட் அசிஸ்டென்ட் இடத்துக்கு நீங்கள் போன் செய்வீர்களா?' தயங்காமல் 'செய்கிறேன்' என்று ஒருவராவது சொன்னால் தொடரலாம். மூன்று வருஷம் கூட இருந்தும் அப்படிச் சொல்ல ஆள் இல்லை என்றால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் பேசப் போகாதீர்கள். அப்பா போன் செய்த பையன் என்ற பெயர் இங்கே சீக்கிரம் போகாது.

அப்படி ஒரு இடம் வந்தால் கடிதத்தில் நான்கு விஷயம் பாருங்கள்: கட்டணம் முழுதும் தள்ளுபடியா, வெளிமாநிலக் கட்டணமும் அதில் சேருமா, மருத்துவக் காப்பீடு உண்டா, கோடை மாதங்களுக்குப் பணம் வருமா. கோடைக்குப் பணம் வராத இடங்கள் நிறைய, அதை யாரும் முன்னால் சொல்வதில்லை. அப்புறம் அந்த ஹெட் கோச்சுக்கு ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி, அவரிடம் இருந்த பழைய கிராஜுவேட் அசிஸ்டென்ட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தம்பியைத் தேடச் சொல்லுங்கள். அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் ஒப்பந்த விவரம் பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும். கடிதம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.